ஆறு வகுத்தல் மூன்று

“விசிலடிச்சு ஆத்தையே நிப்பாட்டுனவன் இந்த உலகத்துல நான் ஒருத்தன்தாம்வே.”

கொம்பையா இதைச் சொல்லும்போது சீனிப்பாண்டியின் கடையில் டீ ஆற்றுகிற கை நிற்காது. செங்காணிப்பட்டியில் பிறந்த குழந்தை முதலில் கேட்பது தாலாட்டு, அடுத்துக் கேட்பது இந்தக் கதை. தாலாட்டை நிறுத்திவிட்டு இதைக் கேட்ட குழந்தைகளும் உண்டு.

“தரைப்பாலத்துல பாதியில நிக்கி வண்டி. மேக்க இருந்து தண்ணி வருது. சும்மா இல்ல, பனைமர உயரத்துக்கு. தண்ணிக்கு மேல ஒரு எருமை உக்காந்து வருது. எருமை மேல ஒரு கொக்கு. பாத்தேன். அடிச்சேன் ஒத்த விசில். ஆறு நின்னுட்டு. எருமை எறங்கி நடந்து போச்சு. வண்டி அக்கரை ஏறுச்சு. பெறவு குடுத்தேன் ரெண்டு விசில். ரைட்! ஆறு கெளம்பிப் போச்சு.”

பஸ்ஸில் கண்டக்டர் என்று ஒரு மனிதன் இருந்த காலத்துக் கதை இது. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் போக வேண்டும். இப்போது ஓடுகிற பஸ்களில் கண்டக்டரும் இல்லை, டிரைவரும் இல்லை. பஸ் தானே ஓடி, தானே நின்று, சில்லறைக்குப் பதில் சொல்லாமல் தானே போய்விடுகிறது. அதனால் பழைய ஏழாம் நம்பர் வண்டியின் கண்டக்டர் கொம்பையாவும் அதன் டிரைவர் இருதயராஜும் ஒரே பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்து ஓய்வூதியக் காலத்தை ஓட்டினார்கள்.

கதை முடிந்ததும் கடையே இருதயராஜைப் பார்க்கும். அவர் கிளாஸைக் கீழே வைப்பார்.

“ஸ்டியரிங்கப் புடிச்சிருந்தவன் நான். ஆறு நிக்கல. எருமையும் வரல.”

“கொக்கு?” என்பார் சீனிப்பாண்டி.

“கொக்கும் வரல.”

வேறு சாட்சிகள் இல்லை. வண்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில் முன் சீட்டுக் கம்பியில் முகத்தைப் புதைத்துக் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திறந்திருந்த கண்கள் இரண்டு ஜோடிதான். ஒன்று “நின்றது” என்றது, மற்றது “இல்லை” என்றது. இதில் கொம்பையா யாரிடமும் சொல்லாத சங்கடம் ஒன்று இருந்தது. முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி, எருமையைச் சேர்த்தது தான்தான் என்பது அவருக்குத் தெரியும். கொக்கையும் தான்தான் சேர்த்தார். ஆறு நின்றதைச் சேர்த்தது யார் என்பதுதான் அவருக்கே மறந்துவிட்டது.

அப்படி இருந்த ஊருக்குத்தான் நஸ்ரின் வந்தாள்.

நீர்க்கணிப்பு மையத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். முதுகில் பை, கையில் எவர்சில்வர் சம்படம் போன்ற பெட்டி. டீக்கடை பெஞ்சில் அதை வைத்து, “இதுக்குள்ள உங்க ஆத்தோட மாதிரி இருக்கு” என்றாள்.

“ஆத்து மாதிரின்னா? ஆறு இல்லையா?” என்றார் கொம்பையா.

“ஆறு இல்ல சார். ஆறு மாதிரி.”

“அதத்தானே நானும் கேக்கேன். ஆத்து மாதிரி இருக்கும், ஆனா ஆறு இல்ல. கானல் தண்ணியா?”

நஸ்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற அதிகாரியை ஊர் அன்றுதான் பார்த்தது. மழை எவ்வளவு பெய்தால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று இந்தப் பெட்டி முன்கூட்டியே சொல்லும் என்றாள். மேலணையின் மதகுகளைத் திறப்பதும் மூடுவதும் இனி அதன் பொறுப்பு. அணையிலிருந்து வருகிற தண்ணீர் கணக்கில் இருக்கிறது, சிக்கல் குரங்கோடையால்தான். அது அணைக்குக் கீழே காட்டிலிருந்து பாய்ந்து ஆற்றில் சேர்கிறது. குரங்கோடை பெருகியிருக்கும் நேரத்தில் அணையும் திறந்தால், தரைப்பாலத்தை ஒட்டிய பள்ளத்தெரு மூழ்கும். பள்ளத்தெருவின் கடைசி வீடு இருதயராஜுடையது. இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிற அவர் மனைவி ஞானப்பூவால் தண்ணீர் வந்தால் எழுந்து ஓட முடியாது. அதனால் பெஞ்சின் அந்த முனை வழக்கத்தைவிடக் கவனமாகக் கேட்டது.

“மண்ணு எவ்வளவு குடிக்கும், காடு எவ்வளவு புடிச்சு வெக்கும், சரிவு எவ்வளவு வேகமா எறக்கும்னு இதுக்குள்ள நிறைய திருகு இருக்கு சார். பழைய ரேடியோவுல ஸ்டேஷன் புடிக்கிற மாதிரி ஒவ்வொண்ணாத் திருகி, உண்மையான ஆத்தோட பொருந்துதான்னு பாக்கணும். அதுக்கு ஆத்துல முன்னாடி ஓடின தண்ணியோட கணக்கு வேணும். உங்க ஓடையில ரெண்டே ரெண்டு மழைக்காலத்துக்குத்தான் அளவு எடுத்திருக்காங்க.”

“அதுக்குப் பெறவு?”

“அளவுக்கருவி வெள்ளத்துல போயிடுச்சு. அடுத்து வெச்சதும் போயிடுச்சு.”

“மூணாவதா வச்சத யானை புடுங்கிப் பல்லுக் குத்திட்டு” என்றார் கொம்பையா. “நான் பாத்தேன்.”

மேலேயிருந்து பார்க்கிற செயற்கைக்கோளுக்கு அந்தப் பள்ளத்தாக்கில் மரத்தலைகள்தான் தெரிகின்றனவாம். ரெண்டு வருடக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு திருகினால், எப்படித் திருகினாலும் பெட்டி “சரி” என்கிறதாம்.

“பொண்ணு ஒண்ணு, நூறு ஜாதகம் வந்திருக்கு, நூறும் பொருந்துதுன்னா எந்த மாப்பிள்ளைக்குக் குடுக்கிறது? அதான் எங்க நிலைமை. அதனால ஊர்ல பெரியவங்க கண்ணால பாத்ததக் கேட்டு, அதையும் சேத்துத் திருகலாம்னு வந்திருக்கேன்.”

ஊர் தன் ஞாபகத்தை அவிழ்த்து விட்டது. வாரக்கணக்கில் பெட்டிக்கு முன் உட்கார்ந்து பேசினார்கள். முதலில், அளவெடுத்த அந்த இரண்டு மழைக்காலங்களைப் பற்றிப் பெட்டி கேட்டது. அதற்குப் பதில் அதற்கே தெரியும். யார் எவ்வளவு கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள் என்று எடைபோடத்தான் அந்தக் கேள்வி. தலையாரி ஒரு நாள் கூட்டினார், மறுநாள் குறைத்தார். பூசாரி தன் கோயில் பக்கம் மட்டும் தண்ணீரே வரவில்லை என்றார். இருதயராஜ் எல்லா வெள்ளத்துக்கும் ஒரே பதில்: “கொஞ்சம் வந்துச்சு.” கொம்பையாவோ விசிலோடு வந்தார். எருமை, கொக்கு, ஒத்த விசில், இரட்டை விசில், எல்லாவற்றையும் செய்து காட்டி, பெட்டியின் முகத்திலேயே ஊதினார். கடைக்கு வெளியே கட்டியிருந்த ஆடு அறுத்துக்கொண்டு ஓடியது.

முடிவைச் சொல்ல நஸ்ரின் வந்தபோது கடை மொத்தமும் பெஞ்சைச் சுற்றிக் கூடியது.

“எல்லாரோட சாட்சியையும் பெட்டி ஒதுக்கிடுச்சு. ஒருத்தரோடது மட்டும் எடுத்திருக்கு.”

இருதயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அளந்து பேசுகிறவர் அவர் ஒருவர்தானே.

“கொம்பையா சாரோடது.”

சீனிப்பாண்டி ஆற்றிய டீ கிளாஸுக்கு வெளியே விழுந்தது. அவர் வாழ்க்கையில் டீ சிந்தியது அது ஒருமுறைதான்.

“மெஷினுக்குக் கிறுக்கா?” என்றார் இருதயராஜ்.

“இல்ல சார். நீங்க சின்ன வெள்ளத்துக்கும் கொஞ்சம்னீங்க, பெரிய வெள்ளத்துக்கும் கொஞ்சம்னீங்க. அதுலேர்ந்து எதையும் கண்டுபுடிக்க முடியல. இவரு பொய்தான் சொல்றாரு. ஆனா எப்பவும் மூணு மடங்கு. முழங்கால் தண்ணின்னா ஆள் உயரம்னு சொல்றாரு. ஆள் உயரம்னா மாடி உயரம்னு சொல்றாரு. என்னைக்கும் அதே மூணு. இவ்வளவு ஒழுங்கான பொய்யை நாங்க எங்கயும் பாத்ததில்ல. மூணால வகுத்தா உண்மை வந்துடும்.”

அன்று கொம்பையா வீட்டுக்கு நடந்து போகவில்லை. ஏறத்தாழ மிதந்து போனார். மழைக்காலம் முழுக்கத் தினமும் தரைப்பாலத்துக்குப் போய், ஓடைத் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று, அங்கே கரைமேட்டில் வைத்திருக்கிற பெட்டியிடம் தன் பாணியில் சொல்ல வேண்டும். அரசாங்கம் பொய் சொல்வதற்கென்று ஒருவரை வெளிப்படையாக வைத்துக்கொண்டது அதுவே முதல்முறை என்று அவர் சொன்னார். இதை மட்டும் யாரும் வகுக்கவில்லை.

மற்ற எல்லாவற்றையும் வகுத்தார்கள்.

சந்தையில் அவர் பார்த்த பாம்பு பத்தடி என்றால், கேட்டவர்கள் விரலை மடக்கி “மூணேகால்” என்றார்கள். மகள் வீட்டுக்குப் போய் ஒன்பது இட்லி தின்றேன் என்றால், “மூணு இட்லிக்கா இந்தப் பேச்சு?” என்றார்கள். சீனிப்பாண்டி ஒருபடி மேலே போனார்: “ஆறை மூணால வகுத்தா ரெண்டு. அப்போ நம்ம ஊர்ல ஓடுறது ஆறே இல்லவே, ரெண்டு!” கடை சிரித்தது. கொம்பையாவும் சிரித்தார், மூன்றில் ஒரு பங்கு. விகிதம் தெரிந்துவிட்ட பொய்யில் ருசி இல்லை. வாய் பிளந்து கேட்டவர்கள் இப்போது வாய்ப்பாடு சொன்னார்கள். எருமை கதையைத் தொடங்கினால், “எருமையில மூணுல ஒண்ணுன்னா கன்னுக்குட்டிதானே?” என்று குறுக்கே விழுந்தார்கள்.

பெஞ்சின் மறு முனை மட்டும் வகுக்கவில்லை. இருதயராஜ் எப்போதும்போல் முழுசாக மறுத்தார். “கன்னுக்குட்டியும் வரல” என்றார்.

புரட்டாசியில் கொம்பையாவுக்கு விலாவில் வலி கண்டது.

“உசிரு போகுது, கனி” என்றார்.

அவர் மனைவி சண்முகக்கனி அடுப்பிலிருந்து திரும்பாமல், “மூணுல ஒரு பங்கு உசிருதானே? சுக்கு வச்சுத் தாரேன்” என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அரசாங்கமே அப்படித்தான் வகுத்துக்கொண்டிருந்தது. மறுநாளும் சுக்கு. அதற்கும் மறுநாள் கொம்பையா சுருண்டு விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. சிறுநீரகத்தில் கல்; விலாவைக் கீறி எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை யாரும் எதாலும் வகுக்கவில்லை.

கட்டிலருகே உட்கார்ந்து சண்முகக்கனி மூக்கைச் சிந்தினாள். “இனிமேலாவது உள்ளத உள்ளபடி சொல்லித் தொலையும். எனக்கு எது நெசம்னு தெரிய வேண்டாமா?”

நஸ்ரின் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தாள். கொம்பையா அவளிடம் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார்.

“சார், வடகிழக்குப் பருவமழை வரப்போகுது. உங்கள வெச்சுத்தான் எல்லாத் திருகும் வெச்சிருக்கோம். நீங்க மாறிட்டா பெட்டிக்குக் கண்ணு போயிடும்.”

“எனக்கு வலிச்சா நம்புததுக்கு ஒரு ஆளு வேணும்லா தாயி.”

அவள் ஒரு ஆரஞ்சை உரித்து அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “இந்த மழை மட்டும் சார். வீட்ல உண்மை பேசுங்க. பெட்டிகிட்ட மட்டும் பழையபடி.”

ஒத்துக்கொண்டார். ஒரே வாயில் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இருவருமே நம்பினார்கள்.

வீட்டில் கொம்பையா உண்மை பேசிப் பழகினார். குழம்பில் உப்பு கொஞ்சம் கூட என்றார். கால் லேசாக வலிக்கிறது என்றார். சண்முகக்கனி நம்பினாள். அது புது ருசியாக இருந்தது, கசப்பும் இல்லை. தரைப்பாலத்தில் போய் நின்று கணுக்கால் தண்ணீரை முழங்கால் அளவு என்று பெட்டியிடம் சொல்லும்போதுதான் நாக்கு கொஞ்சம் யோசித்தது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மேற்கே மலையைக் காணவில்லை. மேகம் அதை விழுங்கியிருந்தது. அணை முக்கால் நிறைந்திருந்தது. சாயங்காலத்துக்குள் கொஞ்சம் திறந்துவிடுவதாகப் பெட்டி காலையிலேயே அறிவித்திருந்தது. கொம்பையா குடையோடு தரைப்பாலத்துக்குப் போனார். குடை வழியிலேயே விடைபெற்றுப் போய்விட்டது.

குரங்கோடை வந்துகொண்டிருந்தது. செந்தண்ணீர், வேரோடு மரங்கள், யாருடையதோ ஒரு கூரை. முப்பது வருடத்தில் கொம்பையா சொன்ன அத்தனை வெள்ளமும் ஒன்றாகச் சேர்ந்து நிஜமாக வந்ததுபோல் இருந்தது. அதைக் கூட்டிச் சொல்ல அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. வாய் தானாகத் திறந்தது.

“பாலத்துக்கு மேல... ஆள் உயரத்துக்கு வருது.”

சொன்ன பிறகுதான் அது உண்மை என்பது அவருக்கு உறைத்தது.

“பதிவாயிற்று” என்றது பெட்டி. “பாலத்துக்கு மேல் முழங்கால் அளவு. இயல்பு நிலை. அணை மதகுகள் திட்டப்படி திறக்கப்படுகின்றன.”

“இல்ல, இல்ல! ஆள் உயரம்னா ஆள் உயரம்! நெசமாவே!”

“முழங்கால் அளவு. நன்றி.”

பள்ளத்தெருவிலிருந்து இருதயராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். தெரு முனைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. எச்சரிக்கைச் சங்கு ஊதவில்லை. பெட்டி “இயல்பு” என்பதால் வீட்டை விட்டு ஒருவரும் கிளம்பவில்லை. கட்டிலை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது.

“என்ன சொன்னீரு அதுகிட்ட?”

“உள்ளதச் சொன்னேன்.”

“உள்ளதயா? இன்னைக்கா?” முப்பது வருடத்தில் இருதயராஜ் கத்தி யாரும் கேட்டதில்லை. “வாழ்நாள் பூரா புளுகிட்டு இன்னைக்குத்தான் அரிச்சந்திரனா? பொய் சொல்லுலே! பனைமர உயரம்னு சொல்லு! எருமை வருதுன்னு சொல்லு! ஞானப்பூ உள்ள கெடக்காலே!”

கொம்பையா பெட்டியைப் பிடித்தார். “மாடி உயரம்... பனை... பனைமரம்...” பயந்த மனிதனுக்குப் பொய் வராது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

“முரண்பட்ட சாட்சி” என்றது பெட்டி. “முதல் பதிவே ஏற்கப்பட்டது.”

நஸ்ரினைப் போனில் அழைத்தார்கள். நகரத்திலிருந்து அவள் குரல் உடைந்து வந்தது. பெட்டியை மீறி மதகை மூட மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், கேட்டிருக்கிறாள், நேரமாகும். மேற்கே அணையின் பக்கமிருந்து மதகு திறக்கிற உறுமல் கேட்டது.

கொம்பையாவின் கை சட்டைப் பைக்குள் போனது. யோசித்துப் போகவில்லை. வண்டிக்கு முன்னால் ஆபத்து என்றால் போகிற இடத்துக்கு அது போனது, அவ்வளவுதான். விசிலை வாயில் வைத்து, விலாவில் தையல் போட்டிருந்ததை மறந்து, ஒத்த விசில் ஊதினார். நீளமாக.

பெட்டி விசிலையும் வகுக்கப் பார்த்தது.

ஆள் உயரத்தை மூன்றால் வகுக்கலாம், பனைமரத்தை வகுக்கலாம். விசிலை எதால் வகுப்பது? அதற்குத் தெரிந்த விசில் ஒன்றே ஒன்று. செங்காணி ஆற்றின் மிகப்பெரிய வெள்ளத்தைச் சொன்ன கதையில் கொம்பையா ஊதியது. ஊதியதும் ஆறு நின்றது.

“உச்ச வெள்ளம்” என்றது பெட்டி. “ஆறு நிறுத்தப்படுகிறது. பள்ளத்தெரு உடனே வெளியேறவும்.”

உறுமல் தேய்ந்தது. ஊர் முழுக்கச் சங்கு அலறியது. பள்ளத்தெருவுக்கு ஆட்கள் பாய்ந்தார்கள்; ஞானப்பூ கட்டிலோடு, நாலு பேர் தோளில், சாமி சப்பரம்போல் மேட்டுக்கு வந்து சேர்ந்தாள். குரங்கோடையின் தண்ணீர் அவள் வீட்டு ஜன்னலைத் தொட்டது. அணைத் தண்ணீரும் சேர்ந்து வந்திருந்தால் தொடுவதற்கு ஜன்னல் இருந்திருக்காது.

மறுநாள் மழை விட்டது, ஓடை வடிந்தது, அணை விளிம்பு வரை நிறைந்தது, மதகு திறக்கவில்லை. அனுமதி வந்தது, பெரிய அதிகாரிகள் வந்தார்கள், எதற்கும் திறக்கவில்லை. பெட்டி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது: “ஆறு நிறுத்தப்பட்டிருக்கிறது.” அப்புறம் நஸ்ரினுக்குப் பொறி தட்டி, ஜீப் அனுப்பி, கொம்பையாவைக் கூட்டி வந்தார்கள். அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, எல்லோரையும் காத்திருக்க வைத்து, பெட்டிக்கு முன் நின்று இரண்டு விசில் கொடுத்தார்.

“ரைட்!”

மதகுகள் திறந்தன. ஆறு கிளம்பிப் போனது.

டீக்கடையில் அடுத்த நாள் அவர் விட்டு விளாசியிருக்க வேண்டும். வரலாற்றிலேயே முதல்முறையாகச் சாட்சியோடு ஒரு கதை. ஆனால் கொம்பையா கிளாஸை உருட்டிக்கொண்டு சும்மா இருந்தார். பக்கத்தில் நஸ்ரின் உட்கார்ந்து, விசில் எப்படி உள்ளே போனது என்று தேடியதைச் சொன்னாள்.

“இரைச்சல்னு நான் தூக்கிப் போட்டிருக்கணும். விட்டுட்டேன். ஆனா அதத் தேடிப்போன எடத்துல வேற ஒண்ணு கெடச்சுது சார். உங்க பழைய வெள்ளம். எருமை வந்துச்சுன்னீங்களே, அது. அன்னைக்கு மலையில பெஞ்ச மழைக் கணக்கு இருக்கு. அத ஓட்டிப் பாத்தா, ஆறு நடுவுல கொஞ்ச நேரம் நிக்காம கணக்கு சரியா வரமாட்டேங்குது. மேல மலை சரிஞ்சு ஓடைய அடைச்சிருக்கணும், அப்புறம் ஒடச்சுக்கிட்டு வந்திருக்கணும். ஆனா பெட்டி சொல்றத மட்டும் வெச்சு எழுத முடியாது. சாட்சி வேணும். உங்களோடத மூணால வகுப்பாங்க. நீங்களே சொல்லுங்க சார், ஆறு நின்னுதா?”

கொம்பையா அவளைப் பார்த்தார். அவர் இப்போது உண்மை பேசுகிற மனிதர்.

“தெரியலம்மா” என்றார். “சத்தியமாத் தெரியல.”

கடை மொத்தமும், பழக்கத்தில், பெஞ்சின் மறு முனையைப் பார்த்தது.

இருதயராஜ் கிளாஸைக் கீழே வைத்தார். இன்னும் கொஞ்சம் சீனி போடச் சொன்னார். போட்டதும் கலக்கினார். ஊரே காத்திருக்க, பொறுமையாக ஒரு வாய் குடித்தார்.

“நின்னுச்சு” என்றார்.

“எது, முந்தாநாளா?” என்றார் சீனிப்பாண்டி.

“முந்தாநாள் நின்னது அணைத் தண்ணி. அது மெஷினு வேல.”

கொம்பையா மெதுவாகத் திரும்பினார். “பெறவு ஏம்வே இத்தன வருசமா இல்லேன்னீரு?”

“நான் ஆமான்னு சொல்லியிருந்தா நீரு அன்னைக்கே கதைய நிப்பாட்டியிருப்பீரு. எருமை வந்திருக்குமா? கொக்கு வந்திருக்குமா?” கிளாஸின் அடியில் தங்கிய சீனியை ஆட்டிக் குடித்துவிட்டு, இருதயராஜ் நஸ்ரின் பக்கம் திரும்பினார். “எழுதிக்கோம்மா. நான் கண்ணத் தொறந்துதான் வச்சிருந்தேன். அன்னைக்கு நின்னதுதான் ஆறு.”